மோட்டோகிராஸ் படம் எடுக்க கேமராவில் என்ன வைப்பது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவைப் பக்கம் டர்ட் டிராக் ரேஸ், சூப்பர்கிராஸ் சுற்று என்று ஏதாவது நடந்தால் போதும், அந்த வாரம் முழுக்க எனக்கு வருகிற கேள்வி ஒன்றுதான்: "அண்ணே, ஷட்டர் எவ்வளவு வைக்கணும்?" ஒற்றை எண்ணாகப் பதில் சொல்லிச் சொல்லி நானே சிலரைக் கெடுத்திருக்கிறேன். டிராக்கில் எந்த இடத்தில் நிற்கப் போகிறீர்கள் என்று தெரியாமல் அந்த எண்ணைச் சொல்லவே முடியாது. அதனால் இதுவரை கேட்கப்பட்டதை எல்லாம் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன், அடுத்த முறை இதையே அனுப்பிவிடலாம்.

மோட்டோகிராஸுக்கும் சூப்பர்கிராஸுக்கும் படம் எடுப்பதில் வித்தியாசம் உண்டா?

உண்டு. மோட்டோகிராஸ் என்பது மேடு பள்ளத்தோடு கிடக்கிற இயற்கையான நிலத்தில், பகல் வெளிச்சத்தில், நீளமான சுற்றில் ஓடும் பைக் ரேஸ். சூப்பர்கிராஸுக்கு மைதானத்துக்குள் லாரி லாரியாக மண்ணைக் கொட்டி, குட்டி இடத்தில் நிறைய ஜம்ப்புகளை அடுக்கிவிடுவார்கள். பெரும்பாலும் விளக்கு வெளிச்சத்திலும் நடக்கும். மண்ணும் மாறும். பெல்ஜியத்தின் லொம்மல், அமெரிக்காவின் சவுத்விக் மாதிரி மணல் டிராக்குகளில் பின்சக்கரம் அலை அலையாக மணலை வாரி இறைக்கும். நம்மூர்க் காய்ந்த மண்ணில் அந்த அலை கிடையாது, தூசிதான் மேகம் மாதிரி எழும். ஆனால் நம்மிடம் ஒரு வசதி இருக்கிறது. வண்டி பெரும்பாலும் பத்துப் பதினைந்து மீட்டர் தூரத்திலேயே கடந்து போகும், பெரிய லென்ஸ் இல்லாமலும் சமாளிக்கலாம்.

அதெல்லாம் இருக்கட்டும், தொடங்குவதற்கு ஒரு செட்டிங் சொல்லுங்க.

சரி. மேனுவல் மோட், ஷட்டர் 1/1000 (அது திறந்திருக்கும் நேரம், நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு), அபெர்ச்சர் என்கிற லென்ஸ் திறப்பு எஃப்/5.6, வெளிச்சத்துக்கான உணர்திறனைக் காட்டும் ஐஎஸ்ஓ ஆட்டோ, அதன் உச்சவரம்பு 6400. ஃபோகஸ் தொடர்ந்து துரத்துகிற மோடில் இருக்கட்டும்: கேனானில் ஏஐ சர்வோ, நிக்கானிலும் சோனியிலும் ஏஎஃப்-சி. பர்ஸ்ட், அதாவது பட்டனை அழுத்திப் பிடித்தால் அடுத்தடுத்து எடுப்பது, வேகமானதாக இருக்கட்டும். முதல் பத்து நிமிடம் இதை வைத்து எடுங்கள், ஏதாவது தேறும். பதினோராவது நிமிடம் இதை மாற்றியே ஆக வேண்டும், ஏன் என்பது கீழே.

ஷட்டர் ஸ்பீடை ஏற்ற ஏற்ற நல்லதுதானே? 1/4000 வைத்தால் எல்லாமே ஷார்ப்பாக இருக்குமே?

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. முதல் முறை ஒரு ரேஸுக்குப் போனபோது காலையிலிருந்து மாலை வரை 1/4000-இலேயே எடுத்தேன். சாயந்திரம் பிட்டில், அதாவது வண்டிகளைச் சரிபார்க்கிற இடத்தில், ஒரு மெக்கானிக்கிடம் பெருமையாகத் திரையைக் காட்டினேன். கார்னரில் வண்டி சாய்ந்து வருகிற படம், ஒவ்வொரு ஸ்போக்கும் எண்ணிக்கொள்ளலாம் போல இருந்தது. அவர் உற்றுப் பார்த்துவிட்டு, "வண்டிய நிறுத்தி வச்சு எடுத்தீங்களா தம்பி?" என்று கேட்டார். கிண்டல் ஒன்றும் இல்லை, நிஜமாகவே கேட்டார்.

அன்று ராத்திரி உட்கார்ந்து போட்ட கணக்கு இது. வண்டி மணிக்கு 50 கிலோமீட்டரில் போகிறது என்று வையுங்கள், அதாவது நொடிக்கு சுமார் 14 மீட்டர். டயரோடு சேர்த்து முன்சக்கரத்தின் சுற்றளவு கிட்டத்தட்ட 2.1 மீட்டர். இந்த வண்டிகளின் சக்கரத்தில் பெரும்பாலும் 36 ஸ்போக், ஆக ரிம்மில் ஸ்போக்குக்கு ஸ்போக் 10 டிகிரி இடைவெளி. இப்போது 1/1000 வைத்தால், ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தில் சக்கரம் 2 டிகிரி சொச்சம்தான் திரும்பும், ஸ்போக் தனித்தனியாகத் தெரியும். 1/500-இல் ஐந்து டிகிரிக்குக் கொஞ்சம் குறைவு, ஸ்போக் பாதி கரைந்திருக்கும். 1/250-இல் ஒன்பது பத்து டிகிரி, ஒரு ஸ்போக் அடுத்த ஸ்போக் இருந்த இடத்தைத் தொட்டுவிடும், சக்கரம் வெறும் பளபளப்பான வட்டமாகிவிடும். வண்டி ஓடுகிறது என்று கண்ணுக்குத் தெரிகிற எல்லை அதுதான். 1/4000-இல் அரை டிகிரி சொச்சம்தான் சுற்றும், நிறுத்தி வைத்த வண்டிதான்.

அதனால் தரையில் ஓடுகிற வண்டியைப் பக்கவாட்டிலிருந்து, கேமராவையும் அதோடு திருப்பிக்கொண்டே (இதைத்தான் பேனிங் என்பார்கள்) எடுக்கும்போது 1/250-க்கு மேல் போவதற்கு எனக்குக் காரணமே தெரியவில்லை. வேகம் குறைந்த கார்னர் என்றால் இன்னும் இறக்கலாம், 30 கிலோமீட்டரில் வருகிற வண்டிக்கு 1/160 போதும்.

அப்போ ஜம்ப்புக்கு?

அங்கே கதை வேறு. வானத்தில் இருக்கிற வண்டிக்குப் பின்னால் தரை இல்லை, தூசி இல்லை, வேகத்தைக் காட்ட வேறு எதுவும் தேவையும் இல்லை. வண்டி அந்தரத்தில் தொங்குகிறது என்பதே போதும். 1/1250-இலிருந்து 1/2000 வரை தாராளமாக வையுங்கள். ஒரு சுவாரசியம், காற்றில் மூக்கு மேலே தூக்கிக்கொண்டால் ரைடர் பின் பிரேக்கைத் தட்டுவார், மூக்கு கீழே இறங்கும். மூக்கு கவிழ்ந்தால் த்ராட்டிலைத் திருகுவார், மேலே ஏறும். பிரேக் தட்டின நொடியில் பின்சக்கரம் நிஜமாகவே நின்றுபோயிருக்கும், நீங்கள் எந்த ஷட்டரில் எடுத்தாலும் ஸ்போக் தெளிவாகத்தான் தெரியும்.

உச்சத்தில் இருக்கும் கணத்தைப் பிடியுங்கள். அந்த இடத்தில் மேலே போவதும் இல்லை, கீழே வருவதும் இல்லை, ஃபிரேமில் பிடித்து வைப்பது சுலபம். விப் போடுகிறவர், அதாவது காற்றில் வண்டியைப் பக்கவாட்டில் வீசுகிறவர், அந்த உச்சத்தில்தான் முழுசாகத் திரும்பியிருப்பார். ஸ்க்ரப் வேறு விஷயம்: அமெரிக்காவின் ஜேம்ஸ் ஸ்டூவர்ட் பிரபலமாக்கிய உத்தி, ஏற்றத்தின் விளிம்பிலேயே வண்டியைப் படுக்கப் போட்டு உயரத்தைக் குறைத்துவிடுவது. அதை எடுக்க உச்சம் வரை காத்திருந்தால் போச்சு, விளிம்பை விட்டுக் கிளம்பும்போதே பட்டனை அழுத்தியிருக்க வேண்டும்.

இன்னொன்று. வெறும் வானத்தை மட்டும் பின்னணியாக வைத்தால் எவ்வளவு உயரம் பறந்தார் என்றே தெரியாது. கீழே ஏற்றத்தின் விளிம்போ, டிராக் ஓரத்தில் கொடியோடு நிற்கிற ஒரு மார்ஷலின் தலையோ ஓரத்தில் வரட்டும். கேமராவை முழங்கால் உயரத்துக்கு இறக்கினால் பத்தடி ஜம்ப்கூட வீட்டு மாடியைத் தாண்டுகிற மாதிரி தெரியும். லேசான ஏமாற்று வேலைதான்.

பேனிங் எனக்கு வரவே மாட்டேங்குது. எல்லாமே கலங்கலாக இருக்கிறது.

எல்லோருக்கும் அப்படித்தான், எனக்கு இன்றைக்கும் 1/60-இல் இருபது எடுத்தால் ஒன்று தேறினால் சந்தோஷம். 1/250-இல் ஆரம்பித்து, பத்துப் படத்தில் ஏழு தேறுகிற வரை அங்கேயே இருங்கள், பிறகு 1/160, பிறகு 1/125. நேராக 1/30-க்குப் போய் மனம் நொந்து வீட்டுக்கு வந்தவர்கள் நிறைய.

மோட்டோகிராஸ் பேனிங்கில் கார் ரேஸில் இல்லாத ஒரு சிக்கல் இருக்கிறது. கார் ஒரே மட்டத்தில் போகும். இங்கே வண்டி குதித்துக் குதித்து வரும், ரைடர் நின்றுகொண்டு முழங்காலை மடக்கி அதிர்ச்சியை வாங்கிக்கொள்வார், தலை மட்டும் கிட்டத்தட்ட ஒரே கோட்டில் வரும். அதனால் வண்டியைத் துரத்தாதீர்கள், ஹெல்மெட்டைத் துரத்துங்கள். ஹெல்மெட் ஷார்ப்பாக இருந்து சக்கரம் மேலும் கீழும் கலங்கியிருந்தால் படம் நன்றாகவே இருக்கும். தலை கலங்கிப் பின் மட்கார்டு ஷார்ப்பாக இருந்தால் அழித்துவிட வேண்டியதுதான். வூப்ஸ் என்கிற அந்த வரிசையான சின்ன மேடுகளில் பேனிங் முயற்சி செய்தே ஆக வேண்டும், தலை மட்டும் மிதந்து போகிற மாதிரி வரும்.

உடம்பு விஷயம்: வண்டி கடந்து போகப் போகிற இடத்தைப் பார்த்துக் காலை ஊன்றி நின்றுகொண்டு, இடுப்பை மட்டும் முன்கூட்டியே வண்டி வரும் பக்கம் திருப்பிக் காத்திருங்கள். படம் எடுத்த பிறகும் திருப்புவதை நிறுத்தாதீர்கள். லென்ஸில் ஸ்டெபிலைசர் இருந்தால் பேனிங்குக்கான மோடுக்கு மாற்றுங்கள். கேனானிலும் சோனியிலும் அது மோட் 2. மாற்றாவிட்டால் நீங்கள் திருப்புவதை நடுக்கம் என்று நினைத்து லென்ஸ் எதிர்ப்பக்கம் இழுக்கப் பார்க்கும்.

பழகுவதற்கு ரேஸ் வரை காத்திருக்க வேண்டாம். எந்த பைபாஸ் பஸ் ஸ்டாப்பிலாவது ஒரு மணி நேரம் நின்று போகிற மொபெட், பைக் எல்லாவற்றையும் எடுங்கள். இரண்டு பேர் வந்து எதற்கு எடுக்கிறாய் என்று கேட்பார்கள், திரையைக் காட்டினால் சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள்.

மத்தியான வெயிலில் 1/60 வைத்தால் படம் வெளுத்துப் போகிறதே?

உச்சி வெயிலில் ஐஎஸ்ஓ 100, 1/100 என்றால் அபெர்ச்சர் எஃப்/16 வரும், பழைய ஃபிலிம் காலத்து விதி. 1/60 வேண்டுமென்றால் இன்னும் மூட வேண்டும். அவ்வளவு மூடினால் இரண்டு தொல்லை: படம் மொத்தமாகக் கொஞ்சம் மழுங்கும், அப்புறம் சென்சாரில் உட்கார்ந்திருக்கிற ஒவ்வொரு தூசியும் வானத்தில் கறுப்புப் புள்ளியாகத் தெரியும். டர்ட் டிராக்கில் சென்சாரில் தூசி இல்லாத கேமரா எது? வெளிச்சத்தை மூன்று ஸ்டாப், அதாவது மூன்று முறை பாதிபாதியாகக் குறைக்கிற என்டி ஃபில்டர் ஒன்று வாங்குங்கள், எஃப்/20-இலிருந்து எஃப்/7.1-க்கு வந்துவிடலாம். இல்லையென்றால் பேனிங்கை மாலைக்கு ஒத்திப் போடுங்கள், மத்தியானம் ஜம்ப் எடுங்கள். நான் இரண்டாவதைத்தான் செய்கிறேன், ஃபில்டரை வீட்டில் மறந்து வைத்துவிட்டு வருவது வழக்கமாகிவிட்டதால்.

ஃபோகஸ் எப்போதும் பின்னால் இருக்கிற பேனரில் போய் உட்காருகிறது. என்ன செய்வது?

ஃப்ளெக்ஸ் பேனர்தான் இந்த விளையாட்டில் ஃபோகஸுக்கு முதல் எதிரி. பெரிய எழுத்து, அடர்ந்த நிறம், அசையாமல் நிற்கிறது. கேமராவுக்கு அதைவிட என்ன வேண்டும்? என்னிடம் ஒரு படம் இருக்கிறது. ரைடர் அருமையாக விப் போடுகிறார், மங்கலாக. பின்னால் பேனரில் இருக்கிற தொலைபேசி எண்ணைக் கடைசி இலக்கம் வரை படிக்கலாம்.

முதலில், முழு ஃபிரேமையும் கேமரா தேடும்படி விடாதீர்கள். நடுவில் ஒரு சின்னக் கூட்டமாக ஃபோகஸ் புள்ளிகளை வைத்துக்கொண்டு, அதை முன் நம்பர் பிளேட்டின் மேலோ ஹெல்மெட்டின் மேலோ பிடித்துக்கொள்ளுங்கள். அடுத்து, டிராக்கிங் எவ்வளவு சீக்கிரம் வேறு பொருளுக்குத் தாவலாம் என்று ஒரு அமைப்பு இருக்கும். சோனியில் 1 முதல் 5 வரை எண், கேனானில் கேஸ் என்று இருக்கும், நிக்கானில் லாக்-ஆன். அதை மெதுவான பக்கமாக வையுங்கள், சோனியில் 2, கேனானில் கேஸ் 2. குறுக்கே இன்னொரு வண்டியோ தூசியோ வந்தாலும் கேமரா கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும். மூன்றாவது, ஃபோகஸை ஷட்டர் பட்டனிலிருந்து பிரித்துப் பின்பக்கப் பட்டனுக்கு மாற்றுவது. இரண்டு நாள் கை குழம்பும், பிறகு திரும்பிப் போக மனசு வராது.

ஆனால் ஜம்ப்பில் வேறு பிரச்சினை. வண்டி மேட்டுக்குப் பின்னால் ஏறுகிறது, உங்களுக்குத் தெரியவே தெரியாது, திடீரென்று முளைக்கும். அதற்குள் கேமரா தேடிக் கண்டுபிடிக்க நேரம் கிடையாது. முன்னால் போகிற வண்டியை வைத்து விளிம்பு இருக்கும் தூரத்துக்கு ஃபோகஸ் செய்து வைத்துவிட்டு, கண்ணை நம்பாமல் காதை நம்புங்கள். ஏற்றத்தில் ஏறும்போது இன்ஜின் சத்தம் ஏறிக்கொண்டே வரும், விளிம்பில் சட்டென்று மாறும். நாலு சுற்று கேட்டால் போதும், உங்கள் விரல் தானாக அழுத்தும். ஹெட்ஃபோனில் பாட்டு கேட்டுக்கொண்டு எடுக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆபத்து ஒரு பக்கம் இருக்கட்டும், பாதிப் படம் காதில்தானே இருக்கிறது!

புது மிரர்லெஸ் கேமராக்களில் வண்டியைக் கண்டுபிடிக்கிற வசதி இருக்கிறதே, அது போதாதா?

கேனான் ஆர்3, நிக்கான் இசட்9 இரண்டும் 2021-இல் அறிவிக்கப்பட்டபோதே வாகனத்தை அடையாளம் காணும் வசதியோடு வந்தன, இப்போது விலை குறைந்த மாடல்களிலும் இருக்கிறது. கேனானில் ஹெல்மெட்டை மட்டும் குறிவைக்கவும் முடியும். நன்றாகவே வேலை செய்கிறது. தூசிக்குள்ளும், ஸ்டார்ட்டில் வண்டிகள் தோளோடு தோள் உரசி வரும்போதும் மட்டும் குழம்பும். உங்களுக்கு வேண்டியவரை விட்டுவிட்டுப் பக்கத்திலிருப்பவரைப் பிடித்துக்கொள்ளும்.

அதைவிட முக்கியமாக ஒன்றைக் கவனியுங்கள். மிரர்லெஸ்ஸில் சத்தமே இல்லாத எலக்ட்ரானிக் ஷட்டர் என்று ஒன்று உண்டு. பெரும்பாலான கேமராக்களில் அது படத்தை மேலிருந்து கீழே வரிவரியாக வாசிக்கும், வாசித்து முடிப்பதற்குள் வண்டி நகர்ந்துவிடும். சக்கரம் முட்டை வடிவத்தில் வரும். மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாற்றிவிடுங்கள். சென்சார் வேகமாக வாசிக்கிற விலை உயர்ந்த மாடல் என்றால் கவலை இல்லை.

எக்ஸ்போஷர் ஒவ்வொரு படத்துக்கும் மாறிக்கொண்டே இருக்கிறது.

வானம் பின்னணியில் வந்தால் கேமரா படத்தை இருட்டாக்கும், ரைடர் கரிக்கட்டையாகத் தெரிவார். மண் பின்னணியில் வந்தால் வெளிச்சமாக்கும், வெள்ளை ஹெல்மெட் வெந்துபோகும். வெயில் நிலையாக இருந்தால் ஐஎஸ்ஓவையும் சேர்த்து முழு மேனுவலுக்குப் போய்விடுங்கள். யாரும் ஓடாத நேரத்தில் டிராக் மண்ணையும் ஒரு வெள்ளை ஹெல்மெட்டையும் எடுத்துப் பார்த்து, ஹெல்மெட் வெளுக்காத அளவுக்கு வைத்து அப்படியே விட்டுவிடுங்கள். மேகம் வந்து வந்து போகிற நாளில் மட்டும் ஆட்டோ ஐஎஸ்ஓ. அப்போதும் ஜம்ப் என்றால் ஒரு ஸ்டாப் கூட்டி.

தூசி வந்தால் எல்லாம் வெள்ளையாகப் போகிறது.

சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்தால் அப்படித்தான், தூசி சுவர் மாதிரி நிற்கும். எதிர்ப்பக்கம் போங்கள். மாலை ஐந்து மணிக்கு மேல், சூரியன் வண்டிக்குப் பின்னால் இருக்கும்படி நின்றால் அதே தூசி பொன்னாக மாறும், ரைடரின் விளிம்பில் ஒரு கோடு மின்னும். லென்ஸ் ஹூட் போட மறக்காதீர்கள். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து, காற்று வரும் பக்கமாக நில்லுங்கள்.

ஸ்டார்ட்டை எப்படி எடுப்பது?

இங்கே மட்டும் ஒரு வண்டியை எடுக்கப் போகாதீர்கள், கூட்டத்தை எடுங்கள். எஃப்/8, 1/1000, அகலமாக. உலக மோட்டோகிராஸ் தொடரில் 40 வண்டி வரை ஒரே கேட்டில் நிற்கும்; 15 வினாடி அட்டை, அப்புறம் 5 வினாடி அட்டை, அதற்குப் பிறகு கேட் விழும். நம்மூரில் எண்ணிக்கை குறைவு. கேட் விழுகிற படத்தைவிட, முதல் வளைவில் எல்லோரும் ஒரே இடத்துக்கு முட்டிக்கொண்டு வருகிற படம்தான் பத்திரிகைக்குப் போகும். பர்ஸ்டைச் சீக்கிரம் தொடங்கி, படங்களைத் தற்காலிகமாக வைத்துக்கொள்கிற பஃபரை நிரப்பிவிடாதீர்கள், வளைவுக்கு வரும்போது கேமரா கையை விரித்துவிடும். இந்த ஒரு இடத்துக்காகவே கேமரா பதப்படுத்தாத ரா (RAW) ஃபைலை விட்டுச் சின்ன ஜேபெக்குக்கு மாறுகிறவர்கள் உண்டு, தப்பில்லை.

ராத்திரி விளக்கில் எடுத்தால் ஒரு படம் மஞ்சள், ஒரு படம் இருட்டு. கேமரா கோளாறா?

இல்லை, கரண்ட். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் பல விளக்குகள் நொடிக்கு 100 முறை மங்கிப் பிரகாசிக்கும். 1/1000-இல் எடுக்கும்போது அந்த ஏற்ற இறக்கத்தில் எங்கே மாட்டுகிறீர்களோ அதற்கேற்ற மாதிரி நிறமும் வெளிச்சமும் மாறும். 2014-இல் கேனான் 7டி மார்க் 2-இல் வந்த ஆன்டி-ஃப்ளிக்கர் வசதி இப்போது நிறைய கேமராக்களில் இருக்கிறது, விளக்கு உச்சத்தில் இருக்கும்போது மட்டும் ஷட்டரைத் திறக்கும். பர்ஸ்ட் வேகம் கொஞ்சம் குறையும். ஐஎஸ்ஓ 6400 ஆனால் ஆகட்டும், புள்ளி புள்ளியாக இருப்பதை ஓரளவு சரிசெய்யலாம், கலங்கினதைச் சரிசெய்ய முடியாது. ரா ஃபைலாக எடுங்கள், நிறத்தைப் பிறகு திருத்தலாம்.

ஃபிளாஷ்?

ஏற்பாட்டாளர்களிடம் கேட்காமல் வேண்டாம். ரைடர் கண்ணுக்கு நேராக அடிப்பது எப்போதுமே வேண்டாம்.

55-250 கிட் லென்ஸ்தான் இருக்கு. தேறுமா?

பகலில் தாராளமாகத் தேறும். 70-200 எஃப்/2.8 வாடகைக்குக் கிடைத்தால் எடுங்கள், மாலை வெளிச்சத்தில் அதன் அருமை தெரியும். ஃபோன் என்றால் ஜம்ப்பை மறந்துவிட்டு பக்கத்தில் நின்று பேனிங்கும் பிட்டும் எடுங்கள். பிட்டில் ஹெல்மெட்டைக் கழற்றின முகத்தில் கண்ணாடி இருந்த இடம் மட்டும் சுத்தமாக இருக்கும், மற்றதெல்லாம் மண். அதற்கு எந்த ஃபோனும் போதும்.

எங்கே நிற்பது பாதுகாப்பு?

வளைவின் வெளிப்பக்கத்தில், நீளமான நேர்ப்பாதை முடிகிற இடத்தில் நிற்காதீர்கள். த்ராட்டில் மாட்டிக்கொண்டால் வண்டி நேராக அங்கேதான் வரும். ஜம்ப்பின் இறங்குமிடத்துக்குப் பக்கத்திலும் வேண்டாம், விப் சரியாகத் திரும்பாவிட்டால் வண்டி பக்கவாட்டில்தான் இறங்கும். மார்ஷல் நிற்கிற இடத்துக்குப் பின்னால் நிற்பது உத்தமம், அவர் போ என்றால் போய்விடுங்கள், விவாதம் வேண்டாம். மஞ்சள் கொடி ஆடினால் யாரோ விழுந்திருக்கிறார்கள், கேமராவை இறக்கிவிட்டு முதலில் கண்ணால் பாருங்கள். வியூஃபைண்டரில் கண்ணை வைத்தபடி பின்னால் நடக்காதீர்கள். காலுக்குப் பின்னால் பையை வைக்காதீர்கள், நான் அப்படி ஒரு முறை என் பை மேலேயே மல்லாந்து விழுந்திருக்கிறேன், நல்லவேளை வேலிக்கு வெளியே.

வண்டி வளைவை விட்டு வெளியேறும்போது பின்சக்கரம் இறைக்கும் மண்கட்டி, ரூஸ்ட் என்பார்கள், சுட்டது போல வந்து அடிக்கும். அதைப் படத்தில் பிடிக்க 1/800 நல்லது, கட்டிகள் தனித்தனியாகத் தெரியும், 1/320 என்றால் கோடு கோடாக வரும். எனக்குக் கோடுதான் பிடிக்கும். எதுவானாலும் லென்ஸ் முன்னால் ஒரு யூவி ஃபில்டர் இருக்கட்டும்.

முடிந்து வீட்டுக்கு வந்ததும் கேமராவை எப்படிச் சுத்தம் செய்வது?

துணியால் துடைக்கவே துடைக்காதீர்கள், முதலில். அந்த மண்ணில் மணல் கலந்திருக்கும், துடைத்தால் கண்ணாடியில் கீறல் விழும். லென்ஸைக் கழற்றாமல், கேமராவைத் தலைகீழாகப் பிடித்து ரப்பர் ப்ளோயரால் ஊதுங்கள், வாயால் ஊத வேண்டாம். பிறகு காய்ந்த பெயின்ட் பிரஷ்ஷால் பட்டன் இடுக்கு, ஜூம் வளையம் எல்லாவற்றையும் தட்டிவிடுங்கள். ஜூம் வளையத்தைத் திருப்பும்போது நறநறவென்று சத்தம் கேட்டால் திருப்புவதை அங்கேயே நிறுத்திவிட்டு சர்வீஸ் கடைக்குக் கொண்டுபோங்கள். டிராக்கில் லென்ஸ் மாற்றுவதாக இருந்தால் வண்டிக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டு, ஏசியையும் அணைத்துவிட்டு மாற்றுங்கள். முடிந்தால் ஒரே லென்ஸோடு அந்த நாளை ஓட்டிவிடுங்கள்.